பின்சீட்டில் இருந்தது போதும் என்று தோன்றுகிறது: ஜெர்மனியில் வண்டி ஓட்டும் பெண்கள் சொல்லுங்கள்

கல்லட்டி36:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துக்கொண்டே இருப்பேன், எழுதுவது இதுதான் முதல்முறை. சொந்த ஊர் மேட்டுப்பாளையம், இப்போது நியூரென்பெர்க்கில் வேலை. வயது 31.

ஊரில் அண்ணன் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ அவனைவிட நான்தான் அதிகம் ஓட்டியிருப்பேன். கோத்தகிரி ரோட்டில் எந்த இடத்தில் தண்ணீர் கசிந்து தார் வழுக்கும் என்பதுகூடத் தெரியும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறியதும் அந்த வண்டியில்தான். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் அந்தச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள். இங்கே வந்தபிறகு வண்டியைத் தொடவில்லை. முதலில் நேரமில்லை, அப்புறம் பணமில்லை, அப்புறம் அப்படியே விட்டுப்போயிற்று.

இங்கே ஒருவரைக் காதலிக்கிறேன். ஜெர்மன்காரர், பள்ளி ஆசிரியர். பெரிய பி.எம்.டபிள்யூ ஜி.எஸ். வைத்திருக்கிறார். போன கோடையில் அவர் வண்டியில் ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலைக்குப் போனோம். அங்கேயும் 36 வளைவுகள்! சாலையோரம் பனி, எதிரே பனிமலை, அவர் முதுகு. எல்லாமே அழகுதான். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் என் இடது கால் தானாகவே கியர் லீவரைத் தேடியது. மேலே ஏறி இறங்கியதும் அழுகை வந்தது. அவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சொந்த வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். "எதற்கு இன்னொரு வண்டி, இன்னொரு இன்சூரன்ஸ், சேர்ந்து போவதுதானே நன்றாக இருக்கிறது" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இந்திய உரிமம் கையில் இருக்கிறது, இங்கே செல்லாது என்கிறார்கள். அம்மாவுக்குக் காதலும் தெரியாது, வண்டி ஆசையும் தெரியாது. உரிமம், வண்டி, காதல், அம்மா என்று நான்கையும் ஒரே கேள்வியில் போட்டுவிட்டேன். எதற்குப் பதில் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ஆம்பூர்க்காரன்:

உரிமம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் பெண்கள் சொல்லட்டும்.

இங்கே குடியேறி 6 மாதம் வரை இந்திய உரிமத்தில் ஓட்டலாம். அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தியா விலக்குப் பட்டியலில் இல்லாததால் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு நெடுஞ்சாலை, ஆட்டோபான் என்ற அதிவேகச் சாலை, இரவு என்று 12 சிறப்பு வகுப்புகள் கட்டாயம். உரிமத்தை மாற்றுபவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. உங்கள் இந்திய உரிமத்தில் கியர் உள்ள இருசக்கர வண்டிக்கு அனுமதி இருந்தால் போதும். பயிற்சிப் பள்ளி வழியாகத்தான் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், பயிற்றுநர் திருப்தி ஆகும்வரை சில வகுப்புகள் போகத்தான் வேண்டியிருக்கும். உரிமத்தின் மொழிபெயர்ப்பு, கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு இவையும் வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழ் இல்லை.

உங்களுக்கு 24 வயது தாண்டிவிட்டதால் பெரிய மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவுக்கே நேராகப் போகலாம், எஞ்சின் சக்திக்கு 35 கிலோவாட் கட்டுப்பாடு இருக்காது. ஆனால் தேர்வு வண்டி 600 சிசி அளவில், 175 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக், அதே வேகத்தில் தடையைச் சுற்றி விலகுவது, நடை வேகத்தில் கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது எல்லாம் செய்ய வேண்டும். நம் ஊரில் எட்டு போட்டதை வைத்துக்கொண்டு இதற்குப் போகக் கூடாது. வேகமாக ஓட்டத் தெரிந்த பலரும் தடுமாறுவது அந்த நடை வேகத்தில்தான்.

வைகைக்கரை:

தங்கச்சி, உன்னைவிட மூத்தவள் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். மதுரைக்காரி, ஃப்ரைபூர்க்கில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் இந்த ஊர்த் தச்சர். எங்கள் இருவருக்கும் தனித்தனி வண்டி. அதனால் உன் கேள்வி எனக்கு ரொம்பவும் பக்கத்தில் இருக்கிறது.

வண்டி வாங்கு. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

"சேர்ந்து போவதுதானே" என்று அவர் கேட்டதற்கு உன்னிடம் பதில் இல்லை என்கிறாய். உன் கால் கியரைத் தேடியது என்று எழுதினாயே, அதையே அவரிடம் சொல். வண்டி ஓட்டுகிறவருக்கு அது உடனே புரியும். பின்சீட்டில் பழகாதவர்கள் வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார்கள். நீ அப்படிச் சாய்ந்திருக்க மாட்டாய். வளைவை அவருக்கு முன்பே பார்த்து, எந்த கியர் என்று முடிவு செய்து, கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்திருப்பாய். எனக்கு அந்த இடம் தெரியும். அப்படி ஒரு பயணம் முழுவதும் உட்கார்ந்து வருவது ஓட்டத் தெரிந்தவளுக்குப் பெரிய களைப்பு.

நான் ஊரில் ஓட்டியது டிவிஎஸ் 50 மட்டும்தான். உரிமம் முழுக்க முழுக்க இங்கே வாங்கியது. ஏப்ரல் மாதத்தில் பனிக்காலத் தூக்கம் கலைந்து எல்லோரும் வண்டியை வெளியே எடுக்கும்போது பாதுகாப்புப் பயிற்சி நாள் என்று நடத்துவார்கள், நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பெரிய திடலில் திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கச் சொல்வார்கள். அங்கேதான் அவரைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டின்போது, "ஞாயிற்றுக்கிழமை ஷவின்ஸ்லாண்ட் போகலாமா?" என்று கேட்டேன். அது எங்கள் ஊரையொட்டி இருக்கும் மலை. ஒரு காலத்தில் மலையேற்றப் பந்தயம் நடந்த சாலை, வளைவுக்கு மேல் வளைவு. அவர் சிரித்துவிட்டு, கோடையில் சனி ஞாயிறுகளில் அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்றார். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மாலையில் போனோம். மேலே வெளிச்சம் இருந்தது, இறங்கும்போது காட்டுக்குள் இருட்டு. நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். ஒரு வளைவில்கூட என்னை நெருக்கவில்லை, முந்தவும் இல்லை. கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும், மூன்றாவது வளைவில் நான் சீக்கிரம் உள்ளே திரும்பிவிட்டேன் என்றார். நான் கேட்டபிறகுதான் சொன்னார். அந்த ஒரு மாலையில் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

உன் ஆளும் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் நீ தனி வண்டியில் ஏறிய பிறகுதான் அவரை முழுவதும் பார்ப்பாய். யார் முன்னால் போவது, எங்கே நிற்பது, உனக்குக் களைப்பாக இருந்தால் அவர் முகம் எப்படி மாறுகிறது. இதெல்லாம் காப்பிக்கடையில் தெரியாது. அவரும் உன்னை அப்போதுதான் பார்ப்பார். பின்சீட்டில் இருப்பவள் எப்போதும் "பரவாயில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. முன்னால் போகிறவர் அடுத்த சாலைப் பிரிவில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் துரத்தக் கூடாது. இவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் சுஸ்டன், ஃபுர்கா, கிரிம்ஸல் என்று மூன்று கணவாய்கள் ஒரே சுற்றில் வரும், எங்களுக்கு ஒரு நாள் தூரம். ஒருமுறை கிரிம்ஸலில் ஏறும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. உச்சி 2164 மீட்டர், ஜூலையிலும் கை விறைக்கும். அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டார். நான் ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, மழை ஓயும்வரை நின்றேன். போனில் சிக்னல் இல்லை. அவர் திரும்பி வந்து தேடவில்லை, தேட வேண்டாம் என்பதுதான் பேச்சு. ஈரச்சாலையில் பதறிக்கொண்டு ஒருவர் திரும்பினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. நான் மெதுவாக ஏறி இறங்கி அவர் நின்ற பிரிவுக்குப் போனபோது, தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினார். என்னுடைய மாற்றுக் கையுறை. என் பையில் நனைந்துவிடும் என்று காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டவர், அவ்வளவு நேரமும் அதை நெஞ்சோடு வைத்துச் சூடாக்கியிருக்கிறார். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கையுறையை மாட்டிக்கொண்டேன், கிளம்பினோம்.

எனக்குப் பிடித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எல்ஸ்பெத் பியர்ட், லண்டன்காரர், கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர். 1982-ல் 23 வயதில், 1974-ம் ஆண்டு பி.எம்.டபிள்யூ ஆர்60/6 ஒன்றில் உலகம் சுற்றக் கிளம்பினார். அமெரிக்காவைக் கடந்து, ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, சிங்கப்பூரில் பாஸ்போர்ட் உட்பட எல்லாம் திருட்டுப்போய், தாய்லாந்தில் ஒரு நாய்மேல் மோதி விழுந்து, அங்கிருந்த ஒரு குடும்பம் பார்த்துக்கொள்ள எழுந்தவர். அப்புறம் பினாங்கில் கப்பலேறி வந்து இறங்கியது நம் மெட்ராஸில். அங்கிருந்து காட்மாண்டு வரை ஓட்டினார். காட்மாண்டுவில் ஒரு டச்சுக்காரரைச் சந்தித்தார். அவரும் பி.எம்.டபிள்யூவில் தனியாக வந்தவர். இரண்டு பேரும் இரண்டு வண்டிகளில் இந்தியா, பாகிஸ்தான், ஈரான் வழியாக ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள். அது 1984. பஞ்சாப் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்த சமயம். அந்தக் காதல் பயணம் முடிந்தபின் நிலைக்கவில்லை. ஆனால் அவர் லண்டனுக்குத் தன் வண்டியில்தான் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு கட்டடக்கலைஞராகி, ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தை வீடாக மாற்றி விருது வாங்கினார். காதல் இருந்தபோதும் இல்லாதபோதும் ஹேண்டில் அவர் கையில் இருந்தது. உன் வயதில் இதைப் படித்தபோது என்னால் இரவு தூங்க முடியவில்லை, அந்த மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியவரை யாராவது நம் பெண்கள் பார்த்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உயரத்துக்கு வருவோம். பெரிய வண்டிதான் வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்காதே. 1973-ல் ஆன்-ஃப்ரான்ஸ் தோத்வீல் என்ற பிரெஞ்சுப் பெண் தனியாக உலகம் சுற்றியது 125 சிசி கவாசாகியில். சீட் உயரம் 785 மில்லிமீட்டரைத் தாண்டாத வண்டியாகப் பார். பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர் சரியாக அந்த உயரம். நம் ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையில் செய்த வண்டி, பழையது இங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும். நான் முதலில் வாங்கியது பழைய ஹோண்டா 500. இப்போது வைத்திருப்பது ராயல் என்ஃபீல்டு மீட்டியோர், சீட் 765. இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாயின் 48 வளைவுகளை அதில்தான் ஏறினேன். பெரிய வண்டிகள் முந்திக்கொண்டு போகும், போகட்டும். ஹோண்டா ரெபெலின் சீட் 690 தான், ஆனால் அதில் உட்காரும் விதம் மலைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நீ உட்கார்ந்து பார்த்துச் சொல்.

எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் மேலே போய்விடும். குறுகலான சீட்டில் அதே உயரத்துக்குப் பாதம் நன்றாகப் பதியும். இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டியதில்லை. இடுப்பைச் சற்று இடதுபக்கம் நகர்த்தி, இடது பாதம் முழுவதும் ஊன்றி, வலது பாதத்தைப் பின் பிரேக்கில் வைத்து நிற்கப் பழகு. சரிவில் நிற்க அதுதான் நல்லது. கடையில் ஸ்டாண்டில் இருக்கும் வண்டியில் உட்காராதே, நிமிர்த்தித் தரச் சொல்.

ஈரோட்டு ஃபிசியோ:

வைகைக்கரை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எனக்கே வண்டி வாங்க ஆசை வந்துவிட்டது. ஆனால் நான் எலும்பு முறிவுக்குப் பிறகான மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை உடைக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். எங்களிடம் வரும் பலர் வேகத்தில் விழுந்தவர்கள் இல்லை. நிறுத்துமிடத்தில், சிக்னலில், ஜல்லியில் வண்டி சாய்ந்து கணுக்கால் அடியில் மாட்டியவர்கள். மணிக்கட்டு, கழுத்துப்பட்டை எலும்பு, கணுக்கால் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஸ்னீக்கர் போட்டு வண்டி ஏறாதீர்கள். கணுக்காலை மூடிய, பக்கவாட்டில் விறைப்பான பூட்ஸ் வேண்டும். ஜெர்மனியில் சட்டப்படி ஹெல்மெட் மட்டும் கட்டாயம், தேர்வு நாளில் மட்டும் முழு உடை கேட்பார்கள். பெல்ஜியத்தில் கையுறை, முழுக்கை ஜாக்கெட், நீளக் கால்சட்டை, பூட்ஸ் எல்லாமே சட்டம். பிரான்சில் கையுறை கட்டாயம். எல்லை தாண்டிப் போகும் எண்ணம் இருந்தால் ஒரேயடியாக வாங்கிவிடுங்கள்.

நம் உடம்பு அளவுக்குக் கடையில் தொங்குவது எதுவும் பொருந்தாது. ஜாக்கெட்டின் முழங்கைப் பாதுகாப்பு உங்கள் முழங்கையில் உட்கார வேண்டும். பெரிய ஜாக்கெட்டில் அது முன்கைக்கு நழுவிவிடும், விழும்போது ஒன்றுக்கும் உதவாது. கைகளை ஹேண்டில் பிடிப்பதுபோல நீட்டி வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வண்டி, இன்சூரன்ஸ் இரண்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அவர் பெயரில் இருந்தால் விபத்து இல்லாமல் ஓட்டிய ஆண்டுகளின் தள்ளுபடி உங்களுக்குச் சேராது.

கல்லட்டி36:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கையுறை பற்றி எழுதியதை அவருக்கு ஜெர்மனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் கால் தேடியதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். பயிற்சிப் பள்ளியில் விசாரிக்க அவரே கூட வருகிறேன் என்கிறார். தன் வண்டியை ஓட்டிப் பார்க்கவும் சொன்னார், அது மலை மாதிரி இருக்கிறது, மாட்டேன் என்றுவிட்டேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கல்லட்டி ஏறியவளுக்கு இங்கே கொண்டை ஊசி வளைவு புதிதாக இருக்குமா? அப்புறம் அம்மா. அதற்குத்தான் யாருமே பதில் சொல்லவில்லை.

வைகைக்கரை:

அவர் கூட வருகிறேன் என்றதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. அந்த ஜி.எஸ்.ஸை இப்போது தொடாதே, நீ சொன்னது சரி. உரிமம் வந்தபிறகு வெறும் திடலில் பார்த்துக்கொள்ளலாம்.

வளைவு புதிதாகத்தான் இருக்கும். நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுகிறோம், அதனால் இடது திருப்பம்தான் இறுக்கமானது. வலது திருப்பம் அகலமாகச் சுற்றி வரும். இங்கே எல்லாம் தலைகீழ். மேலே ஏறும்போது வலது கொண்டை ஊசிதான் கடினம். உள்வளைவு செங்குத்தாக இருக்கும், வண்டி வேகம் இழக்கும், அங்கே நின்றுவிட்டால் வலது காலை ஊன்ற வேண்டியிருக்கும், அந்தப் பக்கம் தரை எட்டாது. உன் உடம்பு கல்லட்டியில் கற்றது அத்தனையும் இடதுபக்கத்தில் இருக்கிறது, அதை வலதுபக்கத்துக்குக் கொண்டுவர ஒரு கோடை ஆகும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடு. சாலையின் நடுக்கோட்டுப் பக்கமாக அகலமாக நுழை, எதிரே பஸ் வருகிறதா என்று மேல்தளத்தைப் பார்த்துவிட்டு. கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி திரும்பு. முன் பிரேக்கைத் திருப்பத்தின் நடுவில் தொடவே தொடாதே. எல்லாவற்றையும்விடக் கண். உள்ளோரத்தில் இருக்கும் கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போவாய். தாடை தோளைத் தொடும் அளவுக்குத் திருப்பி, வெளியே போகும் சாலையைப் பார். தார் விரிசலை அடைத்த கறுப்புக் கோடுகள் மழையிலும் கடும் வெயிலிலும் வழுக்கும், அவற்றின்மேல் சாய்ந்து போகாதே. மாடு மேயும் உச்சிகளில் சாலையின் குறுக்கே இரும்புக்கம்பி பதித்திருப்பார்கள், நேராகக் கடந்துவிடு.

ஆஸ்திரியாவின் திரோலுக்குப் போனால் ஒன்றைப் பார்த்துக்கொள். 2020 முதல் ராய்ட்டே மாவட்டத்தின் சில சாலைகளில் கோடையில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் பதிவான வண்டிகளுக்குத் தடை. வாங்கும் வண்டியின் பத்திரத்திலேயே அந்த எண் இருக்கும். சைலன்சர் மாற்றிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே.

அம்மாவுக்கு வருகிறேன். இரண்டையும் ஒரே நாளில் சொல்லாதே. காதலை முதலில் சொல். வண்டியை முதலில் சொன்னால், "அந்த வெள்ளைக்காரன் கெடுத்தான்" என்று பின்னால் அவர் தலையில் விழும். காதலைச் சொல்லும்போது போனில் சொல்லாமல் ஊருக்குப் போய்ச் சொல்ல முடிந்தால் நல்லது. என் அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்பேன். அப்பா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அழுத்திப் பேசவில்லை, நிறுத்தவும் இல்லை. நாலாவது மாதம், என் ஆள் என்ன சாப்பிடுவார் என்று அம்மாவே கேட்டார். உன் வீடு என் வீடு மாதிரி இருக்குமென்று நான் சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் தன் வண்டியை உனக்குக் கொடுத்தவன். அவனிடம் முதலில் பேசு.

கல்யாணம் என்று வந்தால் காகிதத்துக்கு நேரம் ஒதுக்கு. சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல இந்தியா போடும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் என்ற சான்று எல்லாம் தூதரகம் வழியாக ஊரில் விசாரித்துச் சரிபார்ப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் நம்மவர்கள் பலர் டென்மார்க் போய்ப் பதிவு செய்கிறார்கள். ஊரில் செய்வதென்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், உறவுக்காரர்கள் கண்ணில் படும். அம்மாவிடம் சொல்லாமல் அதைத் தொடங்காதே.

வண்டியை அம்மாவுக்கு நேரில் காட்டு. என் அம்மா இங்கே வந்தபோது தாழ்வாரத்தில் நின்ற மீட்டியோரின் தொட்டியில் ராயல் என்ஃபீல்டு பெயரைப் படித்துவிட்டு, "இது நம்ம மெட்ராஸ் வண்டிதானே" என்றார். அப்புறம் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார்.

இப்போதைக்கு அவசரப்பட்டு வாங்காதே. மார்ச், ஏப்ரலில் எல்லோரும் வாங்குவார்கள், விலை ஏறியிருக்கும். இங்கே பலர் மார்ச் முதல் அக்டோபர் வரைக்கும் மட்டும் செல்லும் பருவ நம்பர் பிளேட் வைத்திருப்பார்கள். அந்த மாதங்கள் முடிந்தால் வண்டியைத் தெருவில்கூட நிறுத்த முடியாது, அதனால் இலையுதிர் காலத்தில் விற்றுவிடப் பார்ப்பார்கள். அதற்குள் நீ தேர்வை முடித்துவிடு. ஏதாவது கண்ணில் பட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வண்டியின் தகுதியைப் பார்க்கும் டியூவ் சோதனை அடுத்து எந்த மாதம், டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண் என்ன என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடு. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் எந்த வாரம், கடைசி இரண்டு இலக்கங்கள் எந்த ஆண்டு என்று சொல்லும். 2317 என்று இருந்தால் டயர் 2017-ல் செய்தது, பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும், அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்.